நாழிகையிலிருந்து ஆலைச் சங்குவரை: தமிழ்த் தொழிலாளர் வாழ்வில் காலக்கணக்கு (1881–1948)

ஆய்வுச் சுருக்கம்

கீழைநாட்டு உழைப்பாளர் நேர உணர்வு அற்றவர் என்பதும், ஆலைகளே அவ்வுணர்வைக் கற்பித்தன என்பதும் காலனியக்கால ஆவணங்களில் மீண்டும் மீண்டும் காணப்படும் கருத்தாகும். தமிழகத்தின் மரபுவழிக் காலக்கணக்கையும், 1881 முதல் 1948 வரையிலான தொழிற்சாலைச் சட்டங்களையும், தூத்துக்குடி, சென்னை, இலங்கை மலையகம் ஆகிய இடங்களின் தொழிலாளர் அனுபவங்களையும் ஒப்புநோக்கி, இக்கருத்து பொருந்தாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஆலை கொண்டுவந்தது நேர உணர்வன்று. நேரத்தை அளந்து அறிவிக்கும் உரிமை பொதுவெளியிலிருந்து முதலாளியின் கைக்குச் சென்றதே அடிப்படை மாற்றம். தொழிலாளர் போராட்டங்களின் ஒரு பகுதி அவ்வுரிமையை மீண்டும் பொதுவாக்கும் முயற்சியாக அமைந்தது.

திறவுச்சொற்கள்: நாழிகை, பொழுது, ஆலைச் சங்கு, வேலை நேரம், தொழிற்சாலைச் சட்டம், தொழிற்சங்கம், மலையகம்.

முன்னுரை

தமிழில் அறுபது நிமிடம் கொண்ட கால அளவுக்கு ‘மணி’ என்று பெயர். மணி என்பது முதலில் ஒலிக்கும் கருவி. பின்னரே அது அளவாயிற்று. ஆலையில் வேலை தொடங்குவதையும் முடிவதையும் அறிவிக்கும் நீராவி ஊதலுக்கும், பின்னர் வந்த மின் ஊதலுக்கும் மக்கள் இட்ட பெயர் ‘சங்கு’. கோயிலிலும் மங்கல, அமங்கலச் சடங்குகளிலும் ஒலித்த கருவியின் பெயரே எந்திரத்தின் ஓசைக்கும் ஆகிவந்தது. இவ்விரு சொற்களும் ஓர் உண்மையைத் தாங்கியுள்ளன. பெரும்பாலான மக்களுக்குக் காலம் என்பது கையில் கட்டியிருந்த பொருளன்று. வேறொருவர் ஒலித்துக் காட்ட, காதால் கேட்டு அறிந்த ஒன்று. ஆகவே, உழைப்பு வரலாற்றில் ‘மணி என்ன?’ என்ற கேள்வியோடு ‘மணியை அடிப்பவர் யார்?’ என்ற கேள்வியும் இணைந்தே வருகிறது.

ஆங்கிலேய வரலாற்றறிஞர் இ. பி. தாம்ப்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரை, தொழில்முதலாளியமும் நேர ஒழுங்கும் பற்றிய ஆய்வுகளுக்கு அடித்தளமாக விளங்குகிறது. செய்துமுடிக்கவேண்டிய பணியைக்கொண்டு நாளை அளந்த சமூகம், கடிகாரத்தைக்கொண்டு உழைப்பை அளக்கும் சமூகமாக மாறியதை அது விளக்குகிறது. இச்சட்டகத்தைத் தமிழகத்திற்குப் பொருத்தும்போது எழும் சிக்கல்களே இக்கட்டுரையின் களம்.

பொழுதும் நாழிகையும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் காலத்தைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுக்கிறது. முன்னது ஆண்டின் பிரிவு. பின்னது நாளின் பிரிவு. இவை இலக்கிய மரபின் பிரிவுகள் மட்டுமல்ல. விதைப்பும் அறுவடையும் பெரும்பொழுதையும், ஏர் பூட்டுவதும் அவிழ்ப்பதும் சிறுபொழுதையும் சார்ந்திருந்தன. ‘அரைப்பொழுது வேலை’, ‘பொழுது சாய்ந்தது’ போன்ற வழக்குகள் அம்முறையின் எச்சங்களாகும்.

பொழுது தோராயமானது, நாழிகையோ நுட்பமானது. ஒரு நாளுக்கு 60 நாழிகை; ஒரு நாழிகை 24 நிமிடம்; ஏழரை நாழிகை ஒரு சாமம். சிறு துளையிட்ட வட்டிலில் நீர் ஏறும் அளவைக்கொண்டு இது கணிக்கப்பட்டது. அவ்வாறு கணித்து அரசனுக்கு அறிவிக்கும் நாழிகைக் கணக்கரைப் பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டு காட்டுகிறது. பாசறையில் போர்க்கடமை ஆற்றுவோருக்கு நேரம் சொல்வதே தொழிலாகக் கொண்ட ஒருவர் இருந்தார் என்பது கருதத்தக்கது. கோயில் பூசைக் காலங்களும் பஞ்சாங்கத்தின் இராகுகாலம், எமகண்டம் ஆகியனவும் இக்கணக்கின் வழியே வகுக்கப்பட்டன. குளத்து நீரையும் கிணற்று நீரையும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்ட உழவர்க்கு, தம் முறை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது பயிரின் வாழ்வும் சாவுமாகும். இத்தகைய சமூகத்தை நேர உணர்வற்றது எனக் கூறுவது பொருந்தாது.

நாழிகை ஒரே அளவுடையது. எனினும் அது சூரிய உதயத்திலிருந்து எண்ணப்பட்டது. சென்னையின் அகலக்கோட்டில் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. உதயத்தை ஒட்டி வேலை தொடங்குவது இங்கு ஆண்டு முழுவதும் பெரிய மாற்றமின்றி இயன்றது. மேலும், உதயம் யாவர் கண்ணுக்கும் தெரிவது. அதை ஒருவர் தம் வசதிக்கு முன்னோ பின்னோ தள்ளிவைக்க இயலாது.

இதனால் ஆலைக்கு முந்தைய காலம் உழைப்பாளருக்கு உரிமையுடையதாக இருந்தது என முடிவுசெய்தல் பிழையாகும். கீழத்தஞ்சையின் பண்ணையாள் பொழுது விடியுமுன் மிராசுதாரின் களத்தில் நிற்கவேண்டும். பொழுது சாய்ந்த பின்னரும் ஏவல் தொடரும். ஒடுக்கப்பட்ட சாதியினராகிய அவர்கள் உழைப்பின் எல்லையைத் தீர்மானித்தது வானமன்று, நிலவுடைமையும் சாதியும். பண்ணையாள் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் 1952இல்தான் வந்தது. எனவே ‘இயற்கையான காலம்’, ‘எந்திரக் காலம்’ என்ற எளிய எதிர்நிலை தமிழகத்திற்குப் பொருந்தாது. இரண்டிலும் அதிகாரம் இருந்தது. அதன் வடிவமே வேறுபட்டது.

இங்கிலாந்தும் ஜப்பானும்: ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தில் கைவினைஞர் பலர் திங்கட்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டு, வாரக் கடைசியில் இரவும் பகலுமாக உழைத்துக் கணக்கை முடிக்கும் வழக்கம் நிலவியது. ஆலைகள் இவ்வழக்கத்தை ஒழிக்க முற்பட்டன. காலையில் கடிகாரத்தை முன்னும் மாலையில் பின்னும் தள்ளிவைத்த ஆலைகள் பற்றியும், தொழிலாளர் கடிகாரம் கொண்டுவர அஞ்சியமை பற்றியும் கிடைக்கும் சாட்சியங்களைத் தாம்ப்சன் எடுத்துக்காட்டுகிறார். முதல் தலைமுறை நேரத்தின் அருமையைக் கற்பிக்கப்பட்டது. இரண்டாம் தலைமுறை வேலை நேரக் குறைப்புக்குக் குழுக்கள் அமைத்தது. மூன்றாம் தலைமுறை மிகைநேர ஊதியத்துக்காகப் போராடியது என்பது அவர் தரும் வளர்ச்சிநிலை.

ஜப்பானின் வரலாறு வேறுபட்டது. எடோ காலத்தில் பகலும் இரவும் தனித்தனியே ஆறு கூறுகளாகப் பகுக்கப்பட்டன. பருவத்துக்கேற்ப ஒவ்வொரு கூறின் நீளமும் மாறியது. ஐரோப்பியக் கடிகாரத்தையே இம்முறைக்கு இசையுமாறு ஜப்பானியக் கைவினைஞர் மாற்றியமைத்தனர். 1873 ஜனவரி 1 முதல் மெய்ஜி அரசு சமஅளவு மணி நேரத்தை நடைமுறைப்படுத்தியது. தாமஸ் சி. ஸ்மித் 1986இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஜப்பானிய உழவர் ஆலைக்கு முன்பே காலத்தைப் பொன்னாகப் போற்றியவர். ஆனால் அது தனிமனிதரின் உடைமையாகவன்றிக் குடும்பத்துக்கும் ஊருக்கும் உரியதாகக் கருதப்பட்டது. எனவே அங்குத் தொடக்கக்காலத் தொழிலாளர் பூசல்கள் இங்கிலாந்தைப் போல் நேரத்தை மையமிடவில்லை. மதிப்பையும் நேர்மையான நடத்தையையும் மையமிட்டன.

நேர ஒழுங்கு எல்லாச் சமூகங்களிலும் ஒரே பாதையில் வளர்வதில்லை என்பதை இவ்விரு சான்றுகளும் உணர்த்துகின்றன. அவ்வச்சமூகம் தன் பழைய காலக்கணக்கிலிருந்தே புதியதை எதிர்கொள்கிறது.

ஆலையின் நாள்

சென்னை பெரம்பூரில் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும், தெற்கே பாபநாசம், தூத்துக்குடி, மதுரை ஆகிய இடங்களில் ஹார்வி நிறுவனத்தாரின் ஆலைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கால் பகுதியில் எழுந்தன. இந்தியப் பருத்தி ஆலைகளின் தொடக்கக்கால வேலைநாள் பெரும்பாலும் விடியல் முதல் அந்திவரை என்றே இருந்தது. விளக்கின்றி நூலிழையைக் காண இயலாது என்பதே காரணம். ஆகவே கோடையில் வேலைநாள் நீண்டது, பனிக்காலத்தில் சுருங்கியது. நீராவி எந்திரமும் ஏர்மாடும் ஒரே சூரியனுக்குக் கட்டுப்பட்டிருந்தன. மின்விளக்கு வந்த பிறகே இக்கட்டு அறுந்தது. பம்பாயில் 1905ஆம் ஆண்டளவில், சந்தை ஏற்றத்தின்போது, வேலைநாள் 14 மணி நேரத்தையும் கடந்தது. கோயம்புத்தூரில் 1932இல் வந்த பைக்காரா நீர்மின்சாரம் ஆலைகளைப் பெருக்கி, இரவு முறைக்கும் வழிவகுத்தது. ‘ஷிப்ட்’ என்ற சொல் தமிழ்க் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் நிலைபெற்றது. சங்கொலியைக் கேட்டு உலைவைப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் ஆலையில் கால்வைக்காதவரின் வாழ்விலும் வழக்கமாயின.

கடிகார நேரமும் இக்காலத்தில் ஊரிலிருந்து பிரிந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த சென்னை வானாய்வகத்தின் நேரத்தை இந்திய இருப்புப்பாதைகள் தம் பொது நேரமாகக் கொண்டிருந்தன. 1906 ஜனவரி 1 அன்று இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தபோது சென்னைக் கடிகாரம் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே நகர்ந்தது. பம்பாய்க் கடிகாரம் ஏறத்தாழ 39 நிமிடம் நகரவேண்டியிருந்தது. அம்மாதமே பம்பாய் ஆலைத் தொழிலாளர் புதிய நேரத்தை எதிர்த்துக் கிளர்ந்தனர். கடிகார எண் மாறாமல், விடியலுக்கு முன்பே வேலைக்கு வருமாறு தாம் ஆக்கப்பட்டதை அவர்கள் உணர்ந்தனர். அந்நகரின் மாநகராட்சி 1955வரை பம்பாய் நேரத்தையே கடைப்பிடித்தது. நேர உணர்வு இல்லாதவர் 39 நிமிட மாற்றத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்திருக்க இயலாது.

‘சோம்பல்’ என்னும் வாதமும் டி. எம். நாயரும்

1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 7 முதல் 12 வயதுக்குட்பட்ட சிறாரின் வேலையை 9 மணி நேரமாக வரையறுத்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு 11 மணி நேர வரம்பையும், நண்பகல் இடைவேளையையும், வார விடுமுறையையும் விதித்தது. வயதுவந்த ஆண்களுக்கு எவ்வரம்பும் இல்லை.

1907இல் அமைக்கப்பட்டு 1908இல் அறிக்கையளித்த தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தின் முன் இவ்வினா வந்தது. இந்தியத் தொழிலாளி இடையிடையே வெளியே சென்று நீர் அருந்துகிறார், புகைக்கிறார், உண்கிறார், தொடர்ந்து உழைப்பதில்லை, ஆகவே நீண்ட வேலைநாள் அவருக்கு உண்மையில் நீண்டதன்று என்ற வாதம் ஆணையத்தின் சிந்தனையில் பெரும்பங்கு வகித்தது. ஆண்களின் வேலை நேரத்தை நேரடியாக வரையறுக்கப் பெரும்பான்மையினர் உடன்படவில்லை. சென்னையைச் சேர்ந்த உறுப்பினரும் மருத்துவரும், பின்னாளில் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவருமாகிய டாக்டர் டி. எம். நாயர் இதிலிருந்து மாறுபட்டார். ஆண் தொழிலாளரின் வேலை நேரத்தையும் சட்டமே நேரடியாக வரையறுக்கவேண்டும் என அவர் தனி மாறுபாட்டுக் குறிப்பு அளித்தார். 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களுக்கு 12 மணி நேர வரம்பை விதித்தது.

இவ்விவாதத்தில் உற்றுநோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இடையிடையே எழுந்து செல்லுதல் என்பதை முதலாளி தரப்பு சோம்பல் எனக் கண்டது. ஆனால் ஏர் உழுவோர் மாட்டை நிறுத்தி இளைப்பாறுவதும், நடவு நடுவோர் வரப்பில் அமர்ந்து வெற்றிலை போடுவதும் வேலைக்குப் புறம்பானவையல்ல, வேலையின் பகுதிகள். பதினான்கு மணி நேரம் உடல் தாங்கவேண்டுமாயின் அவ்வோய்வு இன்றியமையாதது. நேரத்தை நீட்டுபவர் ஒருவராகவும், நீட்டப்பட்ட நேரத்தைத் தாங்கிக்கொள்ளும் வழியைக் காண்பவர் மற்றொருவராகவும் இருக்க, பின்னவருக்கே ‘சோம்பேறி’ என்ற பெயர் வாய்த்தது.

அதே 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணைநின்றனர். ஊதிய உயர்வோடு வார விடுமுறையும் பிற விடுப்பு வசதிகளும் கோரிக்கைகளாயின. மார்ச் முதல் வாரத்தில் நிருவாகம் இணங்கியது. ஊதிய உயர்வும் வேலை நேரக் குறைப்பும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. வார விடுமுறையை 1891ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது என்பதை நினைவிற்கொண்டால், பதினேழு ஆண்டுகள் கழித்து அது கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றதன் பொருள் விளங்கும். ஏட்டில் இருந்த காலத்தை வாழ்வுக்குக் கொண்டுவந்தது சட்டமன்று, போராட்டம்.

பெரம்பூரின் பத்து நிமிடங்கள்

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஜி. செல்வபதி செட்டியாரும் ஜி. இராமானுஜுலு நாயுடுவும் முன்முயற்சி எடுத்தனர், பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவர்களுள் ஒருவரானார். பெரம்பூரில் சமயச் சொற்பொழிவுகள் நடைபெற்றுவந்த வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையின் சூழலிலிருந்தே இச்சங்கம் கிளைத்தது. கதாகாலட்சேபம் கேட்கக் கூடியவர்கள் வேலை நேரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினர்.

சங்கத்தின் முதற்கோரிக்கைகளுள் ஒன்று நண்பகல் உணவு இடைவேளை பற்றியது. அரைமணி நேரமே அளிக்கப்பட்டது. சட்டம் கேட்ட குறைந்தபட்சமும் அதுவே. ஆனால் எந்திரத்தை விட்டு நகர்ந்து, பஞ்சுத் தூசு படிந்த கையையும் முகத்தையும் கழுவி, உண்ணும் இடம்வரை நடந்து, உண்டு மீண்டும் எந்திரத்தின் முன் நிற்கும் வரையிலான யாவும் அவ்வரைமணிக்குள் அடங்கவேண்டும். நிருவாகத்தின் கணக்கில் 30 நிமிடம் உணவு நேரம். தொழிலாளியின் கணக்கில் அதன் பெரும்பகுதி நடைநேரம். சங்கத்தின் முயற்சியால் இடைவேளை 40 நிமிடமாயிற்று.

கிடைத்தது பத்து நிமிடம். அதாவது அரை நாழிகைக்கும் குறைவு. எனினும் இதன் வரலாற்று முதன்மை சிறிதன்று. முதலாவதாக, தொழிலாளர் தம் குறையைப் பொழுதின் மொழியிலன்றி நிமிடத்தின் மொழியிலேயே முன்வைத்தனர். தம்மைக் கட்டிய கயிற்றின் நீளத்தை அவர்களே அளந்தனர். இரண்டாவதாக, இடைவேளையின் நீளம் ஆலை தனித்து முடிவுசெய்யும் செய்தி என்ற நிலை மாறி, இருதரப்பும் பேசித் தீர்க்கும் செய்தியாயிற்று. மூன்றாவதாக, தாம்ப்சன் மூன்று தலைமுறைகளாகக் கண்ட வளர்ச்சி, தென்னிந்திய ஆலைகள் தோன்றி ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குள் நிறைவேறிவிட்டது. ஏற்கெனவே நாழிகை எண்ணத் தெரிந்த சமூகத்துக்கு நிமிடம் எண்ணக் கற்பது கடினமாக இருக்கவில்லை என்றே கருதவேண்டியுள்ளது.

1922ஆம் ஆண்டுச் சட்டம் வேலையை நாளுக்கு 11 மணி நேரமாகவும் வாரத்துக்கு 60 மணி நேரமாகவும் குறைத்து, ஆறு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர ஓய்வைப் பொதுவிதியாக்கியது. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் ம. சிங்காரவேலர் மே நாளைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தில் பிறந்த அந்நாள் இந்திய மண்ணில் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது சென்னையிலேயே.

மலையகத்தில் ‘பேர்’ என்னும் அளவு

ஆலைக்கு வெளியே, கடல்கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளரின் அனுபவம் மற்றொரு காலக்கணக்கைக் காட்டுகிறது. இலங்கை மலையகத் தோட்டங்களில் விடியுமுன் தப்பு அடித்து லயன்களில் உறங்கியோரை எழுப்பினர். அனைவரும் ‘பெரட்டுக் களத்தில்’ வரிசையாக நின்று வேலை பகிர்ந்துகொண்டனர். நாளின் உழைப்பு மணியால் எண்ணப்படவில்லை. ‘பேர்’ என்ற அளவால் எண்ணப்பட்டது. குறித்த அளவு கொழுந்து பறித்தவருக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் பெயர் பதிவதே ஊதியத்துக்கு அடையாளம் என்பதால், பெயரே அளவின் பெயராயிற்று.

மேலோட்டமாகக் காணின் இது பணியைக்கொண்டு நாளை அளக்கும் பழைய முறை. கடிகாரத்தின் கொடுமை இதில் இல்லை. ஆயின் பறித்த கொழுந்தை நிறுப்பவரும் பெயரைப் பதிபவரும் தோட்ட நிருவாகத்தைச் சார்ந்தவர்கள். வேலைக்கு வந்த ஆள்கணக்கைப் பொறுத்துத் தமக்கும் காசு கிடைத்ததால், நோயுற்றவரையும் களத்துக்கு அழைத்துவரும் நாட்டம் கங்காணிக்கு இருந்தது. நாள் முழுதும் மலைச்சரிவில் நின்றும் கொழுந்து குறைந்துபோனால், அந்நாளில் பாதி இல்லாததாகிவிடும். கடிகாரம் இன்மை விடுதலையன்று என்பதற்கு மலையகம் தெளிவான சான்று. ஆலைத் தொழிலாளி சுட்டிக்காட்ட ஒரு கடிகாரமேனும் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை.

முடிவுரை

1934ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் என்றும், 1946ஆம் ஆண்டுத் திருத்தம் 48 மணி நேரம் என்றும் வேலையைக் குறைத்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 48 மணி நேர வரம்பை நிலைநிறுத்தி, மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியத்தை உறுதிசெய்தது. வேலை நேர அட்டவணை பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் ஆலையில் காட்சிக்கு வைக்கப்படவேண்டும் என்ற அதன் விதி, இக்கட்டுரையின் நோக்கில் சிறப்பிடம் பெறுகிறது. மேலாளரின் மேசையில் இருந்த காலம் யாவரும் படிக்கத்தக்க சுவருக்கு வந்தது. முன்பு உதயம் யாவர் கண்ணுக்கும் தெரிந்ததுபோல், வேலையின் தொடக்கமும் முடிவும் மீண்டும் கண்ணுக்குத் தெரிவனவாயின.

நேர உணர்வு என்பது ஒரு பண்பாட்டிடம் உள்ளதாகவும் மற்றொன்றிடம் இல்லாததாகவும் கருதப்படும் பொருளன்று என்பது மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுகிறது. நாழிகை வட்டிலும் பண்ணைக் களமும், ஆலைச் சங்கும் தோட்டத் தப்பும் வெவ்வேறு அளவுகளாயினும், அவற்றை இணைக்கும் கேள்வி ஒன்றே: அளப்பவர் யார், அவ்வளவைச் சரிபார்க்கும் வாய்ப்பு உழைப்பவருக்கு உண்டா?

இக்கேள்வி பழையதாகிவிடவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைநாளுக்கு இடமளிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு எழவே மூன்று நாள்களில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப்பெறப்பட்டது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடிச் சரியாக நூறாண்டுகள் நிறைந்த நாள் அது. 1911இல் உச்சவரம்பாக வந்த 12 என்னும் எண், 2023இல் நெகிழ்வு என்ற பெயரில் திரும்பி வந்தபோது, அதை அடையாளம் கண்டுகொள்ளும் நினைவு தொழிலாளரிடம் இருந்தது. பெரம்பூரில் பத்து நிமிடங்களுக்காகப் பேசியவர்கள் விட்டுச்சென்ற உடைமை அந்நினைவே எனலாம்.